மன அழுத்தமும் உடல்நலமும்

1936ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் எலிகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். குளிரோ, காயமோ, நஞ்சோ, எத்துன்பம் நேரினும் அவற்றின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றின. அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண் கண்டது.

மனிதருக்கு அச்சம் நேரும்போது அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துகின்றன. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இஃது உயிர்காக்கும் உதவி. வீட்டுக் கடனை எண்ணி விடியும்வரை விழித்திருப்பவர் எங்கே ஓடுவார்? ஏறிய சர்க்கரை எளிதில் இறங்காது. நீரிழிவு மிகுந்த மலேசிய இந்தியர் இதனைச் சிறிதாக எண்ணலாகாது.

நாள்தோறும் அரைமணி நேர நடை, மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுதல், வேளையோடு உறக்கம் ஆகியன பயன் தரும். ஆலயத் திருச்சுற்றை நிதானமாக வலம்வருவோர் முதலிரண்டையும் அறியாமலே செய்துவிடுகின்றனர். கைத்தொலைபேசியைப் பார்த்தபடி வலம்வருவோரை இதில் சேர்க்க இயலாது!

எனினும் நோய் அனைத்தையும் கவலையின் தலையில் சுமத்துதல் தவறு. வயிற்றுப்புண் பலவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரே காரணம் என 1980களில் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டறிந்தனர்; 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். அப்புண்ணுக்கு மருந்துண்டு. மாதக்கணக்கில் வயிற்றுவலியால் வாடுவோர், "எல்லாம் மனக்கவலைதான்" என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவரைக் காணல் வேண்டும்.