காதுக்கும் கட்டணமா?

(வாலாஜாபாத் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தறியில் உட்கார்ந்தவருக்குக் கண்ணும் கையும் காலும் வேலைக்குப் போய்விடும். மிச்சம் காது மட்டும்தான். அதனால்தான் நம் பக்கத்தில் நாடாவோடு சேர்ந்து ரேடியோவும் ஓடியது. அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னால் ஊரிலும் சேரியிலும் ஒரே குரல்தான். யார் வீட்டுத் திண்ணையிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

இது சாதாரண விஷயமில்லை. பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவருக்குத் தேநீர் தனிக் குவளையில்தான், அதுவும் வெளியே. பந்துவீச அவர் வேண்டும். கேப்டன் பதவி மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட விளையாட்டை வாசல் இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தது வானொலி.

‘கேட்கிறவன் சந்தா கட்டட்டுமே’ என்கிறார்கள் சிலர். ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் லைசென்ஸ் பணம் கட்டிய தலைமுறை நம்முடையது. 1980களில் அது ஒழிந்தது. அதற்காக வானொலி சும்மா நடக்கவில்லை. சோப்பு வாங்கும்போது நாம் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முக்கியப் போட்டிகளைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். வானொலி விளம்பர வருவாயில் பாதி, உரிமம் வாங்கிய கம்பெனிக்கே போகிறது. பிறகு எதற்கு மூன்றாவது வசூல்?

கைப்பேசியில் எஃப்.எம். இருக்க வேண்டும் என்று 2023இல் ஒன்றிய அரசு கம்பெனிகளுக்கு அறிவுரை சொன்னது. அறிவுரை போதாது, கட்டாயமாக்கு என்போம். அதில் தமிழ் வர்ணனையும் கேட்போம்.