மருந்தாளுநர் மாணவருக்குச் சங்கப் பயிற்சி

(தென்காசியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் பிள்ளைகளில் பலர் இந்நாளில் பார்மஸிப் படிப்பை நாடுகின்றனர். தேறிய பின் கடையொன்று வைக்கலாம், அல்லது ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பெறலாம் என்பது பெற்றோரின் எண்ணம். அவ்வெண்ணம் நன்றே. ஆயினும் அப்படிப்பில் ஒரு குறை உண்டு. மருந்தைக் கையாளக் கற்பிக்கின்றனர். மருந்தாளுநர் ஒன்றுகூடித் தம் தொழிலைக் காத்துக்கொள்ளும் வகையைக் கற்பிப்பார் அரியர். அதைக் குறித்தே இன்று சில கூற விழைகின்றோம்.

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் வெளியூரார் திரள் திரளாக வருகின்றனர். நனைந்து காய்ச்சல் கண்டவரும், பாறையில் வழுக்கிக் காயம்பட்டவரும், கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோன நீரிழிவுக்காரரும் முதலில் தேடுவது மருந்துக் கடையையே. அங்கே நிற்பவர் மருந்தின் குணமும் அளவும் அறிந்தவராயிருத்தல் அவசியம். பதிவு பெற்ற மருந்தாளுநரன்றிப் பிறர் வைத்தியர் சீட்டுக்கு மருந்து கலந்து வழங்கலாகாதென்று 1948-ஆம் வருஷத்துப் பார்மஸிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆனால் தேசத்தின் பல பாகங்களிலும் நடப்பதென்ன? சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்குகின்றது; மருந்தை எடுத்துத் தருபவர் மற்றொருவர். சான்றிதழுக்கு உரியவர் மாதந்தோறும் சிறு தொகையை வாடகையாகப் பெற்றுக்கொண்டு வேறிடத்தில் வேறு வேலை பார்க்கின்றார். இதனால் நோயாளி அபாயத்துக்கு உள்ளாகின்றார். கற்ற இளைஞனுக்குத் தக்க ஊதியம் கிட்டாது போகின்றது. தனியொருவன் "தரமாட்டேன்" என்றால், கடைக்காரர் அடுத்தவனை நாடுவார். பலரும் சேர்ந்து உரைத்தாலன்றி இவ்வழக்கம் ஒழியாது.

சேர்ந்து உரைப்பதால் விளையும் பயனுக்குச் சரித்திரமே சான்று. 1930-இல் சர்க்கார் நியமித்த, கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் கமிட்டி, மறுவருஷமே தன் அறிக்கையைத் தந்தது. தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமோ 1948-இல்தான் வந்தது. இடைப்பட்ட 17 வருஷங்களும் அக்கோரிக்கை மறைந்துபோகாமல் காத்தவர் சிலர். காசி ஹிந்து சர்வகலாசாலையில் மருந்தியற் கல்வியைத் தொடங்கிய மகாதேவ லால் ஷ்ராஃப், 1935-இல் ஐக்கிய மாகாணத்தில் ஒரு சங்கம் கண்டார். 1939-இல் அது இந்திய மருந்தியற் சங்கமாக விரிந்தது. அவ்வருஷமே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அங்கத்தினரைச் சேர்ப்பதும், சந்தா வசூலிப்பதும், மகஜர் எழுதுவதும், பத்திரிகை நடத்துவதுமாகிய இவ்வேலைகள் பெருமையற்றவை போலத் தோன்றும். தொழிலுக்கு மதிப்பைத் தேடித்தந்தவை அவையே.

அச்சட்டப்படி மாநிலக் கவுன்சிலுக்கு ஆறு அங்கத்தினரைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்களே தம்முள் தேர்ந்தெடுக்கின்றனர். அவ்வுரிமையைச் செவ்வனே செலுத்தும் பழக்கம் எங்கே கிடைக்கும்? டிப்ளமா மாணவர் இரண்டு வருஷப் படிப்புடன் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி பெறுகின்றனர். 2008-இல் ஏற்பட்ட பார்ம்.டி. விதிகளின்படி ஆறாம் வருஷம் முழுதும் ஆஸ்பத்திரியிற் கழிகின்றது: பொது வைத்தியப் பகுதியில் ஆறு மாதம், வேறு மூன்று பகுதிகளில் இரண்டிரண்டு மாதம். சங்கக் காரியாலயத்துக்கென்று ஒரு வாரமும் அதில் இல்லை.

அமெரிக்காவில் வேறு வழக்கம் உண்டு. அங்கே 1852-இல் பிலடெல்பியாவில் தோன்றிய மருந்தாளுநர் சங்கம் முதலியவை, இறுதி வருஷ மாணவரைச் சில வாரங்கள் தம் காரியாலயத்தில் ஏற்றுப் பயிற்றுகின்றன. அப்பயிற்சி படிப்பின் பகுதியாகவே கணிக்கப்படுகின்றது.

நம் நாட்டிலும் இதனைத் தொடங்கலாம். விதித்த 500 மணியில் கைவைக்க வேண்டுவதில்லை. விடுமுறையில் ஒரு மாதம் போதும். முதல் வாரம் அங்கத்தினர் ஜாபிதாவும் சந்தாக் கணக்கும். இரண்டாம் வாரம் கூட்ட அறிவிப்பும் நடவடிக்கைக் குறிப்பும். மூன்றாம் வாரம் புதிய விதிகளை எளிய தமிழில் எழுதி அங்கத்தினருக்கு அனுப்புதல். நான்காம் வாரம் சர்க்காருக்கு ஒரு மகஜர் வரைதல். நவம்பரில் கொண்டாடும் தேசிய மருந்தியல் வாரத்துக்குப் பொதுஜனக் கூட்டம் கூட்டவும் இம்மாணவர் துணைபுரியலாம்.

"பிள்ளைகளைக் கடிதம் சுமக்கும் சேவகராக்கிவிடுவார்களே" என்று சிலர் அஞ்சலாம். நியாயமான அச்சமே. ஆதலின் கற்பிப்பது இன்னதென்று முன்னரே எழுதி, கல்லூரி ஆசிரியர் ஒருவரும் சங்கக் காரியதரிசியும் அதில் கையொப்பமிடுதல் வேண்டும். முடிவில் மாணவன் தானே எழுதிய குறிப்புகளைப் பரிசோதித்த பிறகே நற்சாட்சிப் பத்திரம் தரவேண்டும்.

மற்றொன்றும் சொல்லுவோம். நமது சங்கம் ஒரு குலத்தாருடையது. மருந்தாளுநர் சங்கமோ எல்லாக் குலத்தாருக்கும் பொது. கடைப்படியில் நிற்கும் நோயாளியின் குலத்தைக் கேட்டு மருந்து தருவாரில்லை. அங்கே நம் பிள்ளைகள் நம்மவர்க்கென்று தனிச்சலுகை கேளாது, தொழிலுக்கும் நோயாளிக்கும் நன்மை கேட்பவராக விளங்குதல் வேண்டும்.

நெடுங்காலம் பிளந்து நின்ற நம் தென்காசி விசுவநாதர் கோயில் இராஜகோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அது தனி ஒருவர் கைவேலையன்று. பலர் கூடி, பொருள் திரட்டி, கணக்கு வைத்து முடித்த திருப்பணி. தொழிலின் மானத்தை நிலைநாட்டுவதும் அத்தகையதே.

ஆகவே, வருஷந்தோறும் இரண்டு மாணவர்க்கு இப்பயிற்சிக்கான பிரயாணச் செலவையும் உணவுச் செலவையும் நம் சங்க நிதியிலிருந்து அளிக்கலாமென்று பிரேரேபிக்கின்றோம். அதற்கு முன்னதாக நம் சங்கக் காரியாலயத்திலேயே ஒரு வாரம் அவர்கள் கணக்கெழுதிப் பழகட்டும். அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக்குமாறு வேண்டி அமைகின்றோம்.