சிபாரிசுக் கடிதம்



பள்ளிகளில் சேர்க்கை நடைபெறும் காலத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “யாரைப் பிடித்தால் இடம் கிடைக்கும்?” என்பதே அது. இக்கேள்வியைப் பற்றி உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். பிறரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நானும் அவ்வழியே சென்றவன்தான்.

ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக என் தந்தையார் என்னை நகரத்துப் பள்ளி ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். உயர் பதவியில் இருந்த உறவினர் ஒருவர் எழுதித் தந்த நான்கு வரிக் கடிதம் அவரிடம் இருந்தது. தலைமை ஆசிரியர் முதலில் கையொப்பத்தைப் பார்த்தார். உடனே என் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். என் மதிப்பெண் பட்டியலை எவரும் கேட்கவில்லை. அது மடித்தது மடித்தபடியே வீடு திரும்பியது. நாங்கள் வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஒரு தாயும் மகனும் நின்றிருந்தனர். ‘இடம் இல்லை’ என்று பணியாளர் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு கடிதத்தால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். வகுப்பில் இடங்கள் அளவுடையன. ஒருவன் குறுக்கு வழியில் நுழைந்தால், மற்றொருவன் வெளியே நிற்க நேரும். நுழைந்தவன் பெயர் பதிவேட்டில் இருக்கும். நின்றவன் பெயர் எங்கும் இராது. ஆகவேதான் அத்தீங்கு நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பரிந்துரைகள் யாவும் தீயனவோ? அல்ல. ஆசிரியர் தரும் நற்சான்று மாணவனைப் பற்றிப் பேசுகிறது. செல்வாக்குடையார் கடிதமோ எழுதியவரைப் பற்றியே பேசுகிறது. வேற்றுமை இதுதான்.

கேந்திரிய வித்தியாலயப் பள்ளிகளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 10 மாணவரைப் பரிந்துரைக்கும் உரிமை ஒரு காலத்தில் இருந்தது. ஈரவைகளிலும் இடங்கள் 788. எனவே ஆண்டிற்கு 7,880 பரிந்துரைகள் வரை செல்லக்கூடும். அவ்வளவும் போதவில்லை, ‘கூட்டுக, அன்றேல் நீக்குக’ என்னும் குரல் அவையிலேயே எழுந்தது. 2022-ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. சலுகை எவ்வளவு பெருகினாலும் அதை நாடுவோர் அதனினும் பெருகுவர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது அன்றோ?

என் தந்தையாரின் அன்பைக் குற்றமென்று நான் கூறேன். அது சென்ற வழியே குற்றம். தாழ்வாரத்தில் நின்ற சிறுவன் என்னினும் தகுதி குறைந்தவனாக இருந்திருக்கலாம், மிக்கவனாகவும் இருந்திருக்கலாம். எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆதலால் அந்த இடம் எனக்கு உரியதுதானா என்பதை இன்றுவரை நான் அறியேன். சிபாரிசு பெற்றவனும் இழப்பது ஒன்று உண்டு என்றால், அது இதுவே.

பல்லாண்டுகளுக்குப் பின், தம் மகனுக்காக என் தமக்கையார் என்னிடம் கடிதம் கேட்டார். நான் மறுத்தேன். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நேர்மைக்கு இத்தகைய விலை உண்டு என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நாளை நீங்களும் கையொப்பத்திற்கு மதிப்புள்ள இருக்கைகளில் அமர்வீர்கள். உற்றாரும் உறவினரும் கடிதம் கேட்டு வருவர். பேனாவை எடுக்குமுன் தாழ்வாரத்தில் நிற்பவர் யார் என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள்.