மூடி ஒட்டிய பெயர்கள்: ஓர் இசைத்தட்டை முதலில் ஓட்டியவரைத் தேடி



நினைவுச் சொற்பொழிவு என்பதால் தோழரைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவரிடம் கற்ற ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வேறொரு ஊருக்குப் போகிறேன். ஒப்பாரியோ நடவுப் பாட்டோ, பதிவு செய்த ஒவ்வொரு கேசட்டின் மேலும் அவர் முதலில் எழுதியது பாடியவரின் பெயர். அப்புறம் ஊர், தெரு, தேதி. பாட்டு என்ன பாட்டு என்பது கடைசியில்தான் வரும், சிலதில் அதுவும் இருக்காது.

நான் போகிற ஊர் விகன். இங்கிலாந்தின் வடமேற்கில் நிலக்கரிச் சுரங்கமும் பஞ்சாலையும் இருந்த ஊர். ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பில் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது, படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே விகன் கேசினோ என்றொரு பழைய நடன மண்டபம். 1973 செப்டம்பர் 23 அன்று அதில் விடிய விடிய ஆடும் நிகழ்ச்சி தொடங்கியது. 1981 டிசம்பர் வரை நடந்தது. மது கிடையாது. ஆலையிலும் சுரங்கத்திலும் வாரம் முழுக்க வேலை பார்த்த வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை நள்ளிரவில் உள்ளே போய், ஞாயிறு காலை வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். கால் வழுக்கி ஆடுவதற்குத் தரையில் டால்கம் பவுடர் தூவிக்கொள்வார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆடின கதை நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். அவர்கள் ஆடியது கிட்டத்தட்ட முழுக்கவும் கறுப்பினத்தவர் பாடிய பாட்டுகளுக்கு. 1946இல் பாபாசாகேப் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதிலிருந்தும், 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்ததிலிருந்தும், அந்த மக்களின் கதையைக் கூர்ந்து கேட்பது நமக்குப் பழக்கம். போராட்டத்தைக் கேட்ட அளவுக்கு அவர்களுடைய பாட்டை நாம் கேட்கவில்லை என்பது என் தனிப்பட்ட குறை.

1960களில் டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் மோட்டவுன் நிறுவனத்தின் வெற்றியைப் பார்த்துவிட்டு ஏராளமான சிறு கம்பெனிகள் சோல் பாட்டுகளைப் பதிவு செய்தன. சில நூறு தட்டுகள் அடிப்பார்கள். வானொலி ஓட்டாது, கடையில் விற்காது, கிடங்குக்குப் போய்விடும். பாடியவர் மறுபடியும் கார் தொழிற்சாலைக்கோ சர்ச் பாடற்குழுவுக்கோ திரும்பிவிடுவார். அமெரிக்காவில் தோற்றுப்போன இந்தத் தட்டுகளைத்தான் வட இங்கிலாந்துப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். லண்டனில் தட்டுக்கடை வைத்திருந்த டேவ் காடின் என்ற பத்திரிகையாளர், வடக்கிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் புதுசைக் கேட்காமல் பழைய வேகத்தாளத்தையே கேட்பதைக் கவனித்து, கடைப் பையன்களுக்கு அடையாளமாக ‘நார்தர்ன் சோல்’ என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இங்கே டிஜேயின் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்மூர் மைக்செட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் மைக்செட்டில் இல்லாத பிளேட் தன் பெட்டியில் இருந்தால் அவருக்கு வருகிற மிடுக்கு இருக்கிறதே, அதைப் பத்து மடங்கு ஆக்குங்கள். விகனில் ஒரு டிஜேயின் மதிப்பு, வேறு எவரிடமும் இல்லாத தட்டு அவரிடம் இருப்பதுதான். அதைக் காப்பாற்ற ஒரு வழி செய்தார்கள். தட்டின் நடுவிலிருக்கும் வட்டக் காகிதத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மூடிவிடுவது. பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப் பெயர் சூட்டுவது. உண்மைப் பெயர் தெரிந்தால் போட்டி டிஜே இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்துவிடுவார், கள்ளத்தட்டு அடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் அடித்துவிடுவார்கள். இதற்கு ‘கவர்-அப்’ என்று பெயர்.

இனி ஒரு தட்டின் கதை. ஃபிராங்க் வில்சன் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் பிறந்தவர். மோட்டவுனின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் பாட்டு எழுதுகிற, ஒலிப்பதிவை நடத்துகிற வேலைக்குச் சேர்ந்தார். 1965இல் ‘டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)’ என்ற பாட்டைத் தானே பாடினார். மோட்டவுனின் ‘சோல்’ என்ற துணை முத்திரையில் மாதிரித் தட்டுகள் அடிக்கப்பட்டன, சுமார் 250 என்பார்கள். அந்த நேரத்தில் முதலாளி பெர்ரி கோர்டி அவரைக் கூப்பிட்டு, பாடகராக இருக்கப் போகிறாயா, பாட்டை உருவாக்குபவராக இருக்கப் போகிறாயா என்று கேட்டாராம். வில்சன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தட்டுகள் அழிக்கப்பட்டன. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

1970களில் மோட்டவுனில் வேலை பார்த்த டாம் டிபியெரோ என்பவர் கையில் ஒரு பிரதி சிக்குகிறது. அவரிடமிருந்து லாஸ் ஏஞ்சலஸில் இருந்த சைமன் சூசன் என்ற தட்டு வியாபாரிக்குப் போகிறது. சூசன் அதிலிருந்து நகல் வெட்டி விகனுக்கு அனுப்புகிறார். அதை அங்கே முதலில் ஓட்டியவர் கேசினோவின் டிஜே ரஸ் வின்ஸ்டன்லி. 1977-78 வாக்கில் இது நடந்தது என்பதில் பெரும்பாலோருக்கு ஒத்த கருத்து உண்டு. கூட்டத்தில் தீப்பிடித்த மாதிரி ஆட்டம். பாடுவது யார் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், எடி ஃபாஸ்டர்.

தோழர்களே, எடி ஃபாஸ்டர் கற்பனைப் பெயர் அல்ல. ‘ஐ நெவர் நியூ’ என்ற வேறொரு பாட்டைத் தட்டில் பதிந்த உண்மையான பாடகர். ஒரு கறுப்பருடைய குரலை இன்னொரு கறுப்பருடைய பெயரால் மூடினார்கள். ஒருவருக்குத் தன் பாட்டு இல்லை, இன்னொருவருக்குத் தனதல்லாத பாட்டு. இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

வில்சன் அப்போது எங்கே இருந்தார்? தொலைந்து போனவர் அல்ல அவர். 1970இல் சுப்ரீம்ஸ் குழுவின் ‘ஸ்டோன்டு லவ்’ அவர் தயாரிப்பு. 1973இல், அதாவது விகன் கேசினோ கதவு திறந்த அதே ஆண்டில், எடி கெண்ட்ரிக்ஸ் பாடிய ‘கீப் ஆன் டிரக்கின்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, அதை உருவாக்கியவர்களில் ஒருவர் வில்சன். 1976இல் மோட்டவுனை விட்டு விலகி, பின்னர் மத ஊழியத்தில் இறங்கினார். இத்தனைக்கும் அவரை ‘கண்டெடுத்ததாக’ வரலாறு எழுதுகிறார்கள். இருக்கிறவரைக் கண்டெடுப்பது என்ற வினைச்சொல்லைச் சமூகவியல் வகுப்பில் கொலம்பஸ் பாடத்தில் படித்திருக்கிறேன்.

1979இல் பிரிட்டனில் டாம்லா மோட்டவுன் இந்தப் பாட்டை முறையாக வெளியிட்டது, வில்சன் பெயரோடு. மூல மாதிரித் தட்டு கைமாறிக்கொண்டே போய் 2009இல் ஏலத்தில் 25,742 பவுண்டுக்குப் போயிற்று. 2020இல் ஒரு பிரதி ஒரு லட்சம் பவுண்டு. பழைய தட்டு மறுவிற்பனையில் பாடியவருக்குப் பங்கு கிடையாது. வில்சன் 2012இல் இறந்தார்.

முதலில் ஓட்டியவர் யார் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களுக்குச் சுவையான இடம். நடனத் தளத்தில் யாரோ மறைவாகப் பதிவு செய்த கேசட்டுகள், கையெழுத்துப் பட்டியல்கள், ‘புளூஸ் அண்ட் சோல்’ பத்திரிகையின் பழைய பத்திகள், ரசிகர்களின் சிற்றிதழ்கள், தட்டின் உள்விளிம்பில் கீறியிருக்கும் எண்கள் எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். எண்ணைப் பார்த்தால் அசலா கள்ளத்தட்டா என்று தெரியும். கள்ளத்தட்டு எப்போது வந்தது என்று தெரிந்தால், அதற்கு முன் ஆடியதாகச் சொல்பவரின் நினைவைச் சோதிக்கலாம். பொய்ப் பெயரே ஒரு சாட்சி. ஒருவர் அந்தப் பாட்டை ‘எடி ஃபாஸ்டர்’ என்று நினைவுகூர்ந்தால் 1979 வெளியீட்டுக்கு முன்பே கேட்டவர் என்று ஊகிக்கலாம். ஆனாலும் கேசினோவின் முதல் இரவில் இருந்ததாகச் சொல்பவர்கள் எல்லோரும் உண்மையில் வந்திருந்தால் கட்டடம் தாங்கியிருக்காது. நம் ஊர்களிலும் சில மாநாடுகளுக்கு இது பொருந்தும்.

குளோரியா ஜோன்ஸ் கதையும் இதே திசைதான். 1965இல் வெளியான ஒரு தட்டின் பின்பக்கத்தில் அவர் பாடிய ‘டெயின்டட் லவ்’ இருந்தது. யாரும் சீந்தவில்லை. 1973இல் அமெரிக்கா போன டிஜே ரிச்சர்ட் சியர்லிங் அதை வாங்கிவந்து வடக்கில் ஓட்டினார். முதலில் ஓட்டியவர் என்ற பெயர் அவருக்கு. 1981இல் சாஃப்ட் செல் என்ற வெள்ளை இளைஞர் இருவர் அதைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். இடைப்பட்ட 1970களில் குளோரியா ஜோன்ஸ் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார், டி. ரெக்ஸ் குழுவில் பாடினார்.

இதை வெள்ளையர் கறுப்பரைச் சுரண்டிய கதை என்று முடித்துவிட்டால் எனக்கு இன்று எளிது. ஆனால் பெயரை மறைக்கும் வழக்கம் விகனில் பிறக்கவில்லை. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய கறுப்பர்கள் ஏற்கெனவே அதைச் செய்தார்கள். காக்ஸன் டாட், அமெரிக்க சாக்சஃபோன் கலைஞர் வில்லிஸ் ஜாக்சனின் தட்டில் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தன் பெயரிலேயே ‘காக்ஸன் ஹாப்’ என்று ஓட்டினார். போட்டியாளர் டியூக் ரீட் அசலைத் தேடிப்பிடித்து ஒருநாள் ஓட்டியபோது பெரும் அமளி. கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க் பிராங்க்ஸுக்குக் குடிபெயர்ந்த கூல் ஹெர்க், அப்பா சொல்லிக் கொடுத்தபடி, தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தார். அவர் நடத்திய புகழ்பெற்ற விருந்து 1973 ஆகஸ்ட் 11. விகன் கேசினோ திறக்க ஆறு வாரம் இருந்தது. ஆக, ஒரே கோடையில் கடலின் இரு கரையிலும் பெயரில்லாத தட்டுகள் சுழன்றுகொண்டிருந்தன. பசித்தவரும் பெயரை மறைத்தார், தன்னினத்தவரும் மறைத்தார்.

அன்பும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேஜர் லான்ஸ் அமெரிக்காவில் மவுசு குறைந்தபின் 1972இல் ஸ்டோக் பக்கம் டார்ச் என்ற சிறு கிளப்பில் பாடினார். கூட்டத்தின் ஆரவாரத்தோடு அது இசைத்தட்டாகவே வந்தது. எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறிக் கடைசிவரை பாடினார். பெயர் தெரிந்த இடத்தில் பாடகருக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. என் வழக்கு மூடி ஒட்டிய அந்த வெள்ளைத் தாளோடுதான்.

அந்தத் தாளை நானும் ஒட்டியிருக்கிறேன். முதுகலை ஆய்வுக்காக எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காலனியில் ஒரு பாட்டியிடம் ஒப்பாரி பதிவு செய்தேன். ஏழு பாட்டு. நான் படித்த துறையில் நெறிமுறை என்று சொல்லிக் கொடுத்தபடி ஆய்வேட்டில் ‘தகவலாளி 4’ என்று எழுதினேன். முகப்பில் என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. கட்டுரைகளில் மேற்கோள் காட்டுபவர்கள் நான் ‘முதன்முதலில் பதிவு செய்த’ பாட்டு என்கிறார்கள். எனக்கும் அது கசக்கவில்லை. தோழரிடம் ஆய்வேட்டைக் கொடுத்தேன். புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “நாலாம் நம்பர் அம்மா பேரு என்னம்மா?” எனக்குப் பெயர் தெரியும். சொன்னேன். அப்படியே பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொண்டார். ஏன் அச்சில் இல்லை என்று அவர் கேட்கவில்லை.

பாட்டி இப்போது இல்லை. போன மாதம் அவர் மகளைப் போய்ப் பார்த்தேன். பெயரை அச்சில் போடலாமா என்று கேட்டதற்கு, போடலாம், ஆனால் பாட்டை முதலில் எனக்குப் போட்டுக் காட்டு, நான் கேட்டதேயில்லை என்றார். என் கேசட் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருவதாகத் தம்பி ஒருவர் ஒப்புக்கொண்டு வாங்கிப் போயிருக்கிறார். அதனால் இந்த உரையிலும் பெயர் இல்லை. மகள் கேட்டு முடிக்கட்டும்.