தெரியாது என்பதும் ஒரு விடைதான்!

(தலைப்பு: தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிகள் வளர்ப்பது ஆசையையா? அறிவையா? ‘அறிவையே’ என்ற அணியில் பேசியது)



திருவண்ணாமலைக்குப் போறேன்னு வீட்ல சொன்னேன். “தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கே”ன்னாங்க என் மனைவி. “அது அண்ணாமலையார் ஊர்மா. இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல, சீனிவாசப் பெருமாள் மலை மேல நிக்கிற திருவண்ணாமலை”ன்னேன். (கைதட்டல்) தெரிஞ்ச ஊர்ப் பெயருக்குள்ளேயே தெரியாத ஊர் ஒண்ணு இருக்கு பாருங்க!

எதிரணி நண்பர், “இந்த நிகழ்ச்சியெல்லாம் பிள்ளைகளுக்கு உதார் விடத்தான் கத்துக் கொடுக்குது” என்றார். ஐயா, உதாரையே விளையாட்டாக்கிய நிகழ்ச்சியும் உண்டு. பிரிட்டனில் பி.பி.சி. 1965-இல் தொடங்கிய ‘கால் மை பிளஃப்’. யாருக்கும் எளிதில் தெரியாத ஒரு சொல். அதற்கு மூன்று பேர் மூன்று பொருள் சொல்வார்கள். ஒன்று நிஜம், இரண்டு புளுகு. எது நிஜம் என்று மறு அணி கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேயே ஆடிப் பார்ப்போமா? சங்கத் தமிழ்ச் சொல், ‘எண்கு’. ஒன்று, எண்ணிக் கணக்குப் பார்க்கிற கருவி. இரண்டு, எள்ளில் ஒரு வகை. மூன்று, கரடி. கையைத் தூக்குங்க... அடேயப்பா, கருவிக்குத்தான் எத்தனை கை! (சிரிப்பு) விடை கரடி! உங்க மேற்கு மலையில இன்னைக்கும் உலாவுற அதே கரடிதான். (கைதட்டல்)

வெட்கப்படாதீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வகுப்பில் ஒரு மாணவன் இதே சொல்லுக்குப் பொருள் கேட்டான். எனக்குத் தெரியாது. வாத்தியார் தெரியாதுன்னு சொல்லலாமா? “எண்ணுகிற கருவிப்பா”ன்னு அடிச்சு விட்டேன். அவன் நம்பினான். பரீட்சையிலும் அதையே எழுதினான். மார்க் போச்சு. “நீங்கதானே ஐயா சொன்னீங்க”ன்னு அவன் கேட்கவே இல்லை. சும்மா என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இருபத்தைந்து வருஷமா என் கூடவே வருது.

அன்றைக்கு என் வாயில் வராத சொல்லைத்தான் இந்த நிகழ்ச்சிகள் சொல்லித் தருகின்றன. 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் நடிகர் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ பார்த்திருப்பீர்கள். விடை தெரியவில்லையா? விலகிக்கொள்ளலாம். அதுவரை ஜெயித்த பணம் கைக்கு வரும். தெரிந்த மாதிரி நடித்துத் தப்பாகச் சொன்னால் தொகை சரிந்துவிடும். “தெரியாது” என்று ஒப்புக்கொள்பவரை மரியாதையாக அனுப்பி வைக்கிற பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது?

பணத்தாசை வருமே என்கிறார்கள். வரட்டும் ஐயா! ஆசைப்பட்டால் மட்டும் விடை வந்துவிடுமா? படித்தால்தானே வரும்? 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரி’யில் ஒரு கோடி ரூபாய் வென்றவர் ஒரு மதுரைப் பெண். கேட்கும் திறனும் பேசும் திறனும் இல்லாதவர். மைக்கைப் பிடித்து அளக்கிற நாங்களெல்லாம் வாய் பிளந்து பார்த்தோம். அங்கே பேசியது அறிவு ஒன்றுதான். (நீண்ட கைதட்டல்)

தாய்மார்களே, பிள்ளை “தெரியலம்மா”ன்னு சொன்னா அதட்டாதீங்க. “வா, சேர்ந்து தேடலாம்”னு சொல்லுங்க. தெரியாதுங்கிற வாசல் வழியாத்தான் அறிவு வீட்டுக்குள்ளே வரும். ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.