வட்டெறியத் தொடங்குவோர்க்கு ஏற்ற வட்டு எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மொழியின் பெருமையையும் இலக்கியத்தின் சுவையையும் பற்றி நம்மினும் தகுதியுடைய அன்பர்கள் இம்மேடையில் பேசிவிட்டனர். மெட்ரிகுலேஷன் வரை பயின்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்பும் பேரேடுமாகக் காலம் கழிக்கும் நாம், அவர்கள் கூறியதையே திரும்பக் கூறிச் சபையோர்களின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. கையில் அடங்கும் ஒரு சிறு பொருளைப் பற்றியே பேச எண்ணுகிறோம். அது விளையாட்டுத் திடலில் எறியப்படும் வட்டு.

இதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்புக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்குவதென்று சங்கத்தின் செயற்குழு முடிவு செய்துள்ளது. பந்து, வலை, கயிறு ஆகியவற்றில் கருத்து வேற்றுமை எழவில்லை. வட்டு என்றவுடன்தான் சபை இரண்டுபட்டது. ஒலிம்பிக் வீரர்கள் எறியும் 2 கிலோ வட்டே வேண்டுமென்று வாலிபர்கள் கேட்கின்றனர். அதை எம் பெண்மக்களும் எறிய இயலுமா என்று தாய்மார்கள் வினவுகின்றனர். தாய்மார்களின் வினாவே சரியான வினா என்பது எமது துணிபு. அதற்கான காரணங்களை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், வட்டுகளில் எத்தனை வகை உண்டென்று காண்போம். சர்வதேச விதிகளின்படி வளர்ந்த ஆடவர் எறிவது 2 கிலோ. அதன் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். 20 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கு 1.75 கிலோ, 18 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு 1.5 கிலோ. பெண்டிர்க்கு 1 கிலோ. அதன் குறுக்களவு சுமார் 18 சென்டிமீட்டர். ஆக, பதினைந்து வயதுப் பையன் 2 கிலோ வட்டைக் கேட்பது, அவன் வயதுக்கு விதியே வகுக்காத சுமையைக் கேட்பதாகும். விதி வகுத்தோர் அவனை இழிவுபடுத்தக் கருதவில்லை. அவன் தோளையும் மணிக்கட்டையும் முதுகையும் காப்பாற்றவே கருதினர்.

எடை ஒன்றுதானா வேற்றுமை? அன்று. ஒரே எடையுள்ள இரண்டு வட்டுகள் காற்றில் இருவேறு விதமாகப் பறக்கும். வட்டின் ஓரத்தில் உலோக வளையமும், இரு பக்கங்களில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தகடுகளும், நடுவில் எடைக்கட்டியும் அமைந்திருக்கும். மொத்த எடையில் எவ்வளவு பங்கு ஓரத்தில் இருக்கிறது என்பதே சூட்சுமம். ஓரத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் எடையுள்ள வட்டு மிகத் தொலைவு செல்லவல்லது. கடைகளில் விலை மிகுந்ததும் அதுவே. நூற்றுக்கு 70 பங்கு அளவில் ஓர எடையுள்ளது கற்போர்க்கு உரியது.

இதன் காரணத்தை மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கொண்டு விளக்கலாம். இரும்புப் பட்டை பூட்டிய கனத்த சக்கரத்தைச் சுழற்றத் தொடங்குவது கடினம். சுழன்றபின் எளிதில் நிற்காது. ஓரத்தில் எடை மிகுந்த வட்டும் அத்தகையதே. வலிமை வாய்ந்த வீரன் அதற்கு முதலிலேயே வேகமான சுழற்சியைக் கொடுத்துவிடுகிறான். அது பம்பரம் போல் நிலைகுலையாது நெடுந்தூரம் செல்கிறது. கற்கத் தொடங்கிய சிறுவனின் விரல்களுக்கு அச்சுழற்சியைக் கொடுக்கும் திறன் இன்னும் வாய்க்கவில்லை. அவன் கையிலிருந்து புறப்பட்ட வட்டு தள்ளாடி, மூக்கை உயர்த்தி, சில அடிகளிலேயே பொத்தென்று வீழ்கிறது. நடுவிலும் எடை பரவிய வட்டோ, குறைந்த சுழற்சிக்கும் இணங்கும். வல்லவன் கையில் பத்தடி கூடுதலாகச் செல்லும் வட்டு, பயில்வோன் கையில் பத்தடி குறைவாகச் செல்லும் என்று சுருங்கக் கூறலாம்.

கனத்தைக் கண்டு மயங்கும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் முதலாவது நவீன ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரி மாணவர் ராபர்ட் காரெட் அதற்கு முன்னர் வட்டைக் கண்டதே இல்லை. பழஞ்சித்திரங்களைக் கொண்டு ஓர் எஃகு வட்டைச் செய்வித்தார். அதன் பளு தாங்காமல், இவ்விளையாட்டே நமக்கு ஆகாது என்று கைவிட்டார். ஏதென்ஸ் சென்றபின், மெய்யான வட்டு 2 கிலோ அளவே என்று கண்டு துணிந்து கலந்துகொண்டார், 29.15 மீட்டர் எறிந்து, கிரேக்க வீரர்களை வென்று முதலிடம் பெற்றார். ஒலிம்பிக்கில் வெல்லும் ஆற்றல் படைத்த ஒருவரையே தகாத வட்டு திடலை விட்டு விரட்டிவிட்டதென்றால், நம் குழந்தைகள் எம்மாத்திரம்?

இன்னோர் உதாரணம் கடல் கடந்த நாட்டிலிருந்து கூறுவோம். டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு உண்டு. பிளாஸ்டிக் வட்டை ஒரு மேடையிலிருந்து எறியத் தொடங்கி, மிகக் குறைந்த எறிகளில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடையில் சேர்க்க வேண்டும். எட் ஹெட்ரிக் என்பவர் 1975ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் அதற்கென முதல் நிலையான களத்தை அமைத்தார். அவ்விளையாட்டில் ஒருவர் பல வட்டுகளைப் பையில் வைத்திருப்பார். கூரிய, அகன்ற ஓரமுடையது தொலைவுக்கு; மழுங்கிய ஓரமுடையது கூடைக்கருகில் நின்று மெல்ல இடுவதற்கு. முதல் எறிக்குத் தொலைவு வட்டையே எடுக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றும். ஆயினும் வேகம் போதாத கையிலிருந்து புறப்பட்ட தொலைவு வட்டு, வலக்கையர்க்கு இடப்புறம் சாய்ந்து புதரில் போய் விழும். ஆகவே கற்போர்க்கு ஆசிரியர்கள் கூறும் யோசனை என்ன? கூடைக்குரிய அந்த மெதுவான வட்டையே முதல் எறிக்கும் எடுத்துக்கொள் என்பதுதான். அது நேரே செல்லும். விழுந்த இடத்தில் நிற்கும். கை நடுங்கினால் வட்டும் நடுங்கும். கை சாய்ந்தால் வட்டும் சாயும். குற்றத்தை மறைக்காமல் காட்டிக்கொடுப்பதால் அதுவே நல்லாசிரியன். மரங்கள் நெருங்கிய களத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்களுமே முதல் எறிக்கு அதனை நாடுவதுண்டு. தொலைவைச் சிறிது விட்டுக்கொடுத்து நேர்மையைப் பெறுவது அவர்கள் கண்ட வழி.

நிற்க. நாம் வாழும் இடத்தின் இயல்பையும் எண்ண வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் கணவாயில் நாம் குடியிருக்கிறோம். ஆனி ஆடியில் மேல்காற்று. மார்கழி தையில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கீழ்காற்று. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து உறவினரைக் கேட்டால், தென்னை மட்டைகள் படும் பாட்டைக் கூறுவார்கள். வட்டெறிதலில் எதிர்க்காற்று பகைவனன்று என்பது வியப்பான உண்மை. சுழலும் வட்டை அது பறவையின் இறக்கையைத் தாங்குவது போல் தாங்கி உயர்த்தும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லிதுவேனிய வீரர் மிக்கோலாஸ் அலெக்னா 75.56 மீட்டர் எறிந்து உலக சாதனை நிகழ்த்தியதும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், காற்று வீசும் ஒரு திறந்தவெளியில்தான். ஆனால் அவ்வுதவி, வட்டைச் செவ்வையாகச் சுழற்றத் தெரிந்தவர்க்கே கிட்டும். தள்ளாடும் வட்டை அதே காற்று புரட்டிக் கீழே தள்ளிவிடும். எனவே நம் குழந்தைகள் காற்று எழுமுன் காலை வேளையில் பயில்வது நலம். அவர்கள் கையில் எளிதில் சுழலும் வட்டு இருப்பது அதனினும் நலம்.

இடுக்கி மலைப்புறத்தில் வாழும் நம் உற்றார்க்கு வேறொரு குறை. மூணாறு, தேவிகுளம், பூப்பாறை முதலிய இடங்களில் தேயிலையும் ஏலமும் செழிக்குமேயன்றிச் சமநிலம் அரிது. அத்தகைய குறுகிய திடலில் தொலைவு வட்டு வாங்கி யாது பயன்? சரிவில் உருண்ட வட்டைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

இவ்விரு மாவட்டங்களும் வீரர்களை ஈன்ற மண் என்பதைக் குழந்தைகள் அறிய வேண்டும். இடுக்கியில் பிறந்த பீனாமோள் 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தில் பிறந்து பாலக்காட்டில் கல்லூரியில் பயின்ற பிரீஜா ஸ்ரீதரன் 2010இல் குவாங்சௌ நகரில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். முண்டூர் சித்ரா 2017இல் புவனேசுவரத்தில் 1,500 மீட்டரில் ஆசிய வாகை சூடினார். இவர்கள் மூவரும் ஓட்டத்தில் சிறந்த பெண்மணிகள். எறிதலிலோ, 2010இல் டெல்லி காமன்வெல்த் பந்தயத்தில் வட்டெறிந்து முதல் மூன்று இடங்களையும் இந்தியப் பெண்களே பெற்றனர். கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார். 1958இல் மில்கா சிங் வென்ற பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் நம் நாட்டுக்குக் கிட்டிய முதல் தங்கம் அதுவே. அவ்வெற்றிகள் யாவும் 1 கிலோ வட்டால் பெற்றவை. 1 கிலோ வட்டை விளையாட்டுச் சாமான் என்று எள்ளும் வாலிபர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

சென்ற கோடையில் நம் திடலில் கண்ட காட்சி ஒன்றையும் கூறியாக வேண்டும். எவரோ கொணர்ந்த 2 கிலோ வட்டு ஒரு திங்கள் அங்கிருந்தது. முதல் வாரம் இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றனர். இரண்டாம் வாரம் எண்மர். மாத முடிவில் உடல் வளர்ந்த மூவர் எறிந்தனர். ஏனையோர் எடுத்துக் கொடுத்தனர். பெண்குழந்தைகள் சுவரோரம் அமர்ந்து பார்த்தனர். எவரும் அவர்களை விலக்கவில்லை, வட்டே விலக்கிவிட்டது. மீண்டும் அப்படியொரு வட்டைச் சங்கத்தின் பொதுப்பணத்தில் வாங்கினால், மூவர்க்காக இருபதின்மர் சந்தா செலுத்தியதாகும்.

இனிக் கடையில் நின்று தேர்ந்தெடுக்கும் முறை. வட்டைக் குழந்தையின் கையில் கொடுங்கள். விரல்களின் முதற்கணு வரை ஓரத்தைப் பற்றிக்கொண்டு, உள்ளங்கை தகட்டின்மேல் படிய வேண்டும். விரல்நுனி மட்டும் எட்டினால் அது அக்குழந்தைக்குப் பெரிது. தரையில் உருட்டிப் பாருங்கள். கோணல் இருப்பின் நேரே ஓடாது. தகடும் வளையமும் சேருமிடத்தைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் விரலைக் கிழிக்கும். குறித்த எடை உண்டா என்று மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவிடுங்கள். கெட்டியான தரையில் பழகுவதற்கு ரப்பர் வட்டே நெடுநாள் உழைக்கும். பந்தயத்துக்கு முன்பு மரத்தகடு வட்டில் பழகினால் போதும். பள்ளிப் போட்டிகளில் எவ்வயதினர்க்கு எவ்வெடை என்பதை உடற்பயிற்சி ஆசிரியரைக் கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

பயிலும் முறையும் படிப்படியாக அமைதல் வேண்டும். முதலில் வட்டைத் தரையில் சக்கரம் போல் நேரே உருட்டக் கற்கட்டும். கடைசியாக ஆள்காட்டி விரலை விட்டு வட்டு பிரிவதை அப்பொழுதே உணரலாம். பின்னர் நின்றவாறு எறியட்டும். உடலைச் சுழற்றி எறிவது அதற்கும் பின்னரே. ஒருவர் எறியும்போது ஏனையோர் அவர் பின்னால், நெடுந்தூரம் தள்ளி நிற்க வேண்டும். அனைவரும் எறிந்த பிறகே எடுக்கச் செல்ல வேண்டும். வீடுகள் நெருங்கிய நம் குடியிருப்பில் இவ்விதியை மீறுவோர்க்கு அன்று வட்டு இல்லை என்று கண்டிப்பாக இருத்தல் நன்று.

எனவே செயற்குழுவிற்கு எமது விண்ணப்பம் இதுவே: 1 கிலோ ரப்பர் வட்டு இரண்டு, ஓர எடை மிகாத 1 கிலோ மரத்தகடு வட்டு ஒன்று, வளர்ந்த பையன்களுக்கு 1.5 கிலோ வட்டு ஒன்று. 2 கிலோ வட்டைக் கோரும் உரிமையை, 1.5 கிலோவைத் தள்ளாடாமல் எறிபவன் தானே சம்பாதித்துக் கொள்ளட்டும். அன்று நாமே முதல் சந்தாவைக் கொடுப்போம்.

வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அரசர்க்கு உரைத்தது அவ்வறம். ஆயினும் வட்டெறியும் சிறுமிக்கும் பொருந்தும். சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நாம், நம் மக்கள் பிறரினும் தொலைவு செல்ல வேண்டுமென்று விரைகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற சுமையை நம் பிள்ளையின் கையில் வைக்கிறோம். முதலில் நேரே எறியக் கற்றவர்க்குத் தொலைவு தானே வந்து சேரும். கோணலாக எறிந்து பழகியவர்க்கு, வலிமை கூடக் கூடக் கோணலும் கூடும்.

குழந்தைகள் அனைவரின் கையிலும் வட்டு சேர வேண்டுமென்று வாழ்த்தி, எமது உரையை முடித்துக்கொள்கிறோம்.