கரைமேல் நடக்க ஆள் வேண்டும்



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஏரியைத் தூர்வாருவது பற்றிச் சொன்னார்கள். நான் நண்டு வளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஐப்பசி மழை நெருங்கிவிட்டது. அதனால் இதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

கரை எப்படி உடைகிறது? கலிங்கு அடைபட்டு, வெள்ளம் கரைமேல் ஏறி வழிந்தால் உடையும். அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. நண்டோ எலியோ தோண்டிய வளை, வெட்டிப்போட்ட கருவேல மரத்தின் வேர் மக்கி விட்ட பொந்து, இவற்றின் வழியே தண்ணீர் உள்ளே நுழைகிறது. வெளிக்கரை அடியில் ஈரம் கசியும். கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை அவகாசம் இருக்கிறது. அதே நீர் கலங்கலாக வரத் தொடங்கினால், கரையின் மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். துளை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டே போகும். அதன்பிறகு சில மணி நேரத்திலேயே கரை போய்விடலாம். கோடையில் அந்த வளையை அடிவரை தோண்டி, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து மூட மண்வெட்டியும் திமிசுக்கட்டையும் போதும்.

ஆனால் வளையைக் கண்டுபிடிக்கக் கரையைக் கவனிக்கும் ஆள் வேண்டும். உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தலைச் சொல்லிப் பெருமைப்படாத மேடை இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டிய அந்தக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள், அதுவும் 360 நாள் பொறுப்பு! தேர்தலைப் போற்றுகிற நாம், எந்த வேலைக்காக அந்தத் தேர்தல் என்பதை மறந்துவிட்டோம்.

நம் ஊர்களில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஒருவர் இருந்தார். கரையில் தினம் நடந்து, ஈரத்தை மிதித்துப் பார்த்தே கசிவைக் கண்டுபிடித்தவர். பெரும்பாலும் பட்டியல் சமூகத்தார் தலையில் அந்த வேலையை ஏற்றினோம். அறுவடையில் கொஞ்சம் நெல்லை அளந்தோம், அதையும் பல ஊர்களில் சரியாகக் கொடுக்கவில்லை. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது முழு நியாயம். அவரோடு கரையைக் கவனித்த கண்ணும் போய்விட்டது.

கரை உடைந்தால் நிதி வருகிறது, அதிகாரிகள் வருகிறார்கள். வளையை மூட ஒரு டெண்டரும் வராது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே, இன்றைய தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன். ஏக்கர் கணக்கில் வசூல் செய்து, சாதி பாராமல் இரண்டு பேரை, முறையான மாதச் சம்பளத்தில், கரைக்காவலுக்கு நியமிப்போம். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.